காதறுத்த பன்றி

பூமயிலுக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் கிடையாது. புருஷன் செத்தபிறகு பன்றி வளர்த்தாள், அதுதான் அவள் செய்த குற்றம். நாற்று நட வயலில் இறங்கினால் நாறமாட்டாள், வாசலில் வந்து கூலி கேட்டால் நாறுவாள். எங்கள் ஊர் மூக்கு அப்படி. பன்றி விற்ற காசில்தான் மகள் இருளம்மாளை ராமநாதபுரத்தில் நர்ஸுக்குப் படிக்க வைத்தாள்.

2009ஆம் வருஷம் அவளிடம் மிஞ்சி நின்றது ஒரே ஓர் ஆண் பன்றி. நன்றாகக் கொழுத்திருந்தது. அதை விற்றுக் கடைசி வருஷக் கட்டணம் கட்டவேண்டும். அந்த நேரம் பார்த்தா டிவியில் பன்றிக் காய்ச்சல் வரவேண்டும்? அந்தப் பெயரை வைத்தவன் நாசமாய்ப் போக.

ஊரில் முதலில் படுத்தது சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வீரபத்திரன் மகன். வீரபத்திரன் நிலபுலன் உள்ளவர். மகன் விமானத்தில் வந்ததை யாரும் பேசவில்லை. பூமயிலின் பன்றியைத்தான் பேசினார்கள்.

கால்நடை டாக்டர் சேதுலட்சுமி வந்து பன்றியின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்தார். சாவடி முன்னால் நின்று பொறுமையாகத்தான் சொன்னார்:

"பன்னியோட மூச்சுக்குழல்ல மனுசக் காய்ச்சக் கிருமியும் ஒட்டும், பறவைக் காய்ச்சக் கிருமியும் ஒட்டும். ஆனா கிருமி உள்ள போனதுமே அந்த உள்தோல் சும்மா இருக்காது. கிருமி புகுந்த செல்லு பக்கத்துச் செல்லுக்கெல்லாம் உஷார்னு சேதி அனுப்பும். முதல் சண்டை அங்கனயே நடக்கும். பெரும்பாலும் பன்னி பிழைச்சுக்கும். இப்ப பரவுறது மனுசங்ககிட்டருந்து மனுசங்களுக்கு."

எங்கள் ஆட்கள் 'ஒட்டும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பன்றியை அடித்துப் புதைப்பதென்று முடிவாகிவிட்டது.

பூமயில் வீரபத்திரன் வாசலில் போய் நின்றாள். "அய்யா, ரிசல்ட் வரட்டும்யா. எம்மக படிப்பு இதுலதான் இருக்கு."

"ஏ பூமயிலு, எம்மவன் உசுரு பெருசா, உம்பன்னி பெருசா?" என்றார் அவர்.

ஊரே தொட அஞ்சும் பன்றி ஒன்று உண்டு. காளிக்கு நேர்ந்து காது நுனியை அறுத்துவிட்ட பன்றி. அதன்மேல் கல் எறிந்தால் கை விளங்காது என்று நம்புகிறவர்கள் நாங்கள். பூமயில் வீட்டுக்குப் போனாள், அரிவாளைத் தீட்டினாள், பன்றியின் காதை அறுத்தாள். அடிக்கக் கம்போடு வந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ரிசல்ட் வந்தது. பன்றிக்கு ஒன்றுமில்லை. வீரபத்திரன் மகனும் எழுந்து நடமாடினான். பூமயில் பன்றியை விற்க ஆள் பார்த்தாள்.

பூசாரி இருளாண்டி வந்து மறித்தார். "காதறுத்தா அது ஆத்தாளுக்குச் சொந்தம். விக்க நீ யாரு?"

"உசுரக் காப்பாத்தத்தான் அறுத்தேன் பூசாரி. வேற குட்டி வாங்கி விட்டுடுறேன்."

"ஆத்தாகிட்டயே பொய் சொன்னியா?"

கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களே இப்போது சாமிக்காகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

காளி கோயில் பொங்கலில் பன்றியைக் குத்திப் பலி கொடுத்தார்கள். அன்று யாருக்கும் நாறவில்லை. வீரபத்திரன் வீட்டிலிருந்து பெரிய தூக்குவாளி வந்தது. "மகன் தேறியிருக்கான், ஈரலா வையி," என்று அவர் பூசாரியிடம் சொன்னார்.

கட்டணம் கட்ட முடியாமல் இருளம்மாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். அடுத்த வாரம் தாயும் மகளும் வீரபத்திரன் வயலில் களை எடுத்தார்கள். வரப்பில் நின்ற அவர் மகன் இருமினான். இருளம்மாள் நிமிர்ந்து, "வாயைப் பொத்தி இருமுங்க," என்றாள்.

"பெரிய நர்ஸு!" என்று சிரித்தான் அவன்.

பூமயில் மகளின் தலையைப் பிடித்துக் குனியவைத்தாள்.