பேப்பரில் வந்த பால்காரம்மா

அந்த நாள் பேப்பரை என் கணவர் இரண்டு பிரதி வாங்கி வந்தார். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று செங்கல்பட்டில் இருந்த என் மாமனாருக்குத் தபாலில் அனுப்ப. மை வாசனை போகாத தாளை மேசைமேல் விரித்து, கீழ் மூலையில் விரலை வைத்து, "படி" என்றார். ராயபுரத்தில் கலப்படப் பால் பிடிபட்டது என்று தலைப்பு. அதற்குக் கீழே 'ஊக்கமுள்ள இன்ஸ்பெக்டர்' என்ற பட்டத்தோடு அவர் பெயர். அதற்கும் கீழே, எங்கள் வீட்டுக்கே தினமும் பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளின் பெயர், அவள் புருஷன் பெயர், தண்டையார்பேட்டையில் அவள் மாடு கட்டியிருந்த சந்தின் பெயர். அவர் தன் பெயர் வந்த வரியோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. என் கண் அடுத்த வரியை விட்டு நகரவில்லை.

அது வெள்ளைக்காரன் காலம், இருபதுகளின் கடைசி. என் கணவர் சுகாதார இன்ஸ்பெக்டர். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அதுவரை அபராதம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கட்டிவிட்டு மறுநாளே பழையபடி ஊற்றினார்கள். பேப்பரில் பெயர் போடும் யோசனையைச் சொன்னவர் இவருடைய மேலதிகாரியான டாக்டர். "அபராதம் போட்டா அவனுக்கு மட்டும்தான் தெரியும். பேரு பேப்பர்ல வந்தா ஊருக்கே தெரியும்" என்பாராம். அதிலிருந்து சோதனைக்குப் போகும்போதெல்லாம் ஒரு நிருபரையும் கூட்டிப் போனார்கள். பலன் இல்லை என்று சொன்னால் பொய். முதலில் இரண்டு மூன்று பெயர்கள் வந்ததுமே ராயபுரம் முழுக்கப் பால் கெட்டியாகிவிட்டது. கைக்குழந்தையோடு இருந்த நானே அந்த டாக்டரை மனசார வாழ்த்தினேன். ஆனால் வந்த நிருபரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப முடியாது என்ற புதுத் தொல்லையும் கூடவே வந்து சேர்ந்தது.

அன்று காலை முழுக்கச் சுற்றியும் யாரும் அகப்படவில்லை. பாலின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்தால் எல்லார் பாலும் தேறியது. எல்லாம் பெயர் வந்த பயம்தான். நிருபர் கொட்டாவி விட ஆரம்பித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பித்தளைத் தூக்கோடு எதிரே வந்தாள் எங்கள் பால்காரம்மா. அவள் பாலில் குழல் கொஞ்சம் முன்னே பின்னே நின்றது. பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதற்குள் நிருபர், "தண்ணி கலப்பியாம்மா?" என்று கேட்டுவிட்டார். பால் வாங்குகிற வீட்டு ஐயா பக்கத்தில் நிற்கிற தைரியத்தில், "ஒரு சொட்டு தண்ணி வுடாம எந்த வூட்டுக்கும் ஊத்த மாட்டேன் சாமி. வெறும் பாலா குடுத்தா மாட்டுக்குக் கண்ணு பட்டுடும், மடி வத்திப்பூடும்" என்றிருக்கிறாள் அவள். பேப்பரில் முதல் பாதிதான் வந்தது. தண்ணீர் விடாமல் யாருக்கும் ஊற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டாளாம்.

கொடுக்கிற பாலில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் மாமியார் தெளிப்பதை நானே பார்த்திருக்கிறேன். "உங்க அம்மாவும்தானே தெளிப்பாங்க? இதை அந்த நிருபர்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றேன். "சொல்லலாம்னுதான் பார்த்தேன், அவர் எழுதுற அவசரத்துல..." என்று இழுத்தார். பிறகு பேப்பரை மடித்து உறையில் போட்டார்.

மறுநாளும் அவள் பாலோடு வந்தாள். "இன்னாம்மா, இப்புடிப் போட்டுட்டாங்களே! தெருவுல அத்தினி வூட்லயும் வாணான்றாங்கோ. நீ வாங்கு தாயி. இன்ஸ்பெக்டரு வூட்லயே வாங்கறாங்கோன்னா மத்தவங்களும் வாங்குவாங்கோ." அவள் சொன்னது சரியான கணக்கு. இருந்தது இரண்டு மாடு. புருஷனுக்குக் கப்பல் வந்தால்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. நான் பாத்திரத்தோடு வாசலுக்குப் போனேன். உள்ளிருந்து அவர் கூப்பிட்டார். "நம்ம வீட்டிலேயே வாங்கினா பேப்பர்ல வந்தது பொய்னு ஆயிடாதா? என் பேரு என்ன ஆகும்?" பாத்திரத்தை நான் நீட்டவே இல்லை.

பரிசோதனை முடிவு வருவதற்குள் அவள் ஒரு மாட்டை விற்றுவிட்டாள். பால் சுத்தம் என்று வந்திருந்தது. அதையும் பேப்பரில் போடச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன். இவரும் கேட்டுப் பார்த்தார். ஒன்று தப்பு என்று நாமே சொல்லிவிட்டால் முன்னே போட்ட பெயர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று டாக்டர் மறுத்துவிட்டார். நல்ல பாலைப் பற்றி யார் சார் படிப்பார்கள் என்று நிருபர் சிரித்தாராம். இன்றைக்கும் பேப்பரில் கலப்படம் பிடிபட்டது என்று யார் பெயராவது வந்தால், அடுத்தடுத்த நாள் பேப்பர்களையும் புரட்டிப் பார்க்கிறேன். பரிசோதனையில் என்ன வந்தது என்று எழுதியதை நான் பார்த்ததே இல்லை. என் கணவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். இத்தனை காலமும் இப்படி வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

முடிவு வந்த அன்று அவருக்கும் மனசு கேட்கவில்லை. தெருவோடு போன அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "உன் பால் நல்ல பால்தாம்மா. முடிவு வந்துடுச்சு" என்றார்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சாமி சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அதோ நிக்கறாங்களே, அவுங்களாண்ட சொல்லு."

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நான் திறக்கவில்லை.