முப்பது நோட்டுகளின் மேல்வரி

என் நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்தில் அச்சு டீச்சர் என்று பெயர். எழுத்து அப்படி இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக, பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்து சேரும் வாண்டுகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். அதே பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கையெழுத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கோழி கிண்டின மாதிரி என்று என் வீட்டுக்காரரே சொல்வார். தங்கச்சி எழுத்தைப் பார்த்து வளர்ந்த திமிர்.

அவள் வேலைக்கு ஒரு முறை உண்டு. ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில்தான் ஆரம்பிப்பாள். சாயங்காலம் முப்பது நோட்டையும் வீட்டுக்குச் சுமந்து வந்து, ஒவ்வொன்றிலும் மறுநாள் பக்கத்தின் முதல் வரியைத் தன் கையாலேயே எழுதுவாள். அதுதான் மேல்வரி. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீழே எழுத வேண்டும்.

"அச்சடிச்ச நோட்டு கடையிலேயே விக்குதே, உனக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டிருக்கிறேன்.

"கை எழுதினதைப் பார்த்தாத்தான் கைக்கு வரும் அண்ணி" என்பாள்.

நாலு மாசமாக அந்தக் கை நடுங்கியது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? தண்ணீரை அரை டம்ளர்தான் ஊற்றிக்கொள்வாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட யாரும் வருவதற்கு முன்னாலேயே போய்விடுவாள். மேல்வரி எழுதும்போது முழங்கையை மேஜையில் அழுத்தி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். டாக்டரிடம் போகலாம் என்றால், "குளிர்தான், சரியாப் போயிடும்" என்பாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவாரோ, பெயர் வந்தால் வகுப்பு போய்விடுமோ என்று பயம். கல்யாணம், குழந்தை என்று எதுவும் இல்லாதவளுக்கு அந்த வகுப்பு ஒன்றுதான் இருந்தது. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தவள் அசையாமல் இருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பக்கம் முழுக்க ப. ஒவ்வொரு ப-வின் அடிக்கோட்டிலும் சின்னதாக ஒரு நெளிவு. இன்னொரு நோட்டை எடுத்தேன். அதிலும் அப்படியே. முப்பது நோட்டிலும், முப்பது பிள்ளைகளும் அந்த நெளிவைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மேல்வரியில் இவள் கை நடுங்கின அதே இடம். அதுவும் எழுத்தில் சேர்த்திதான் என்று நினைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை நோட்டுப் பார்க்கும் நாள்.

அவள் ஒரு நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். இரட்டைச் சடை போட்டு வரும் குட்டியுடையது. ஒரு ப-வை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது.

"ஏன் கண்ணு இப்படி அழிச்சேன்னு வகுப்புலயே கேட்டேன் அண்ணி. நேராப் போயிடுச்சு டீச்சர், உங்களது மாதிரி வரலைன்னு சொல்லுது."

நான் அவசரமாகத் திட்டம் போட ஆரம்பித்தேன்.

"இங்க பாரு, இனிமே மேல்வரியை நான் எழுதறேன். பழைய பக்கத்தைக் கிழிச்சிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்க எழுத்தா? அதுக்கு என் நடுக்கமே தேவலை" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். உடனே அவள் முகம் விழுந்துவிட்டது.

"மேல்வரி மட்டுமா அண்ணி? பலகையில எழுதறேன், கையைப் பிடிச்சு எழுத வைக்கறேன். இந்த வயசுல கை எதைப் பழகுதோ அதுதான் நிக்கும். நான் பெரியம்மாகிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

பெரியம்மா என்பது தலைமை ஆசிரியைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா? வேலை போயிட்டா என்னடி பண்ணுவ?"

"என் நடுக்கம் என்னோட போகட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் முப்பது நோட்டையும் தூக்கிக்கொண்டு அவளே அந்த அறைக்குப் போனாள். நான் வராந்தாவில் நின்றேன். என் வகுப்பில் கூச்சல் கூரையைப் பிய்த்தது, போகத் தோன்றவில்லை. பெரியம்மா நல்லவிதமாகத்தான் பேசினாராம். முதலில் டாக்டரைப் பாருங்கள், திங்களிலிருந்து வகுப்பை உங்கள் அண்ணி பார்க்கட்டும், மூன்றாம் வகுப்புக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். எத்தனை நாளைக்கு என்று இவள் கேட்டாளாம். "பார்க்கலாம்" என்றாராம். அந்தப் 'பார்க்கலாம்' எங்கள் ரெண்டு பேரையும் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

சனி, ஞாயிறு எனக்கு மேல்வரிப் பயிற்சி. ஐம்பது வயசில் ட, ப, ம. "கோட்டைத் தாண்டுது", "ம-வுக்கு வயிறு பெருசாயிடுச்சு" என்று பக்கத்தில் உட்கார்ந்து படுத்தி எடுத்தாள். அவள் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார், விரட்டினேன். நோட்டுகளில் இருந்த பழைய மேல்வரிகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அவளே அழித்தாள். நான் அழிக்கிறேன் என்றதற்கு விடவில்லை.

திங்கள்கிழமை வகுப்பில் நின்றேன். நேர்கோடு எப்படிப் போகும் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். இனிமேல் நெளிவு வேண்டாம் என்றேன். ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. "அந்த டீச்சர் எங்கே?" என்று இரட்டைச் சடைதான் கேட்டது. உடம்பு சரியில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தது.

சாயங்காலம் வாசலிலேயே நின்றிருந்தாள் நாத்தனார். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"நேரா எழுதறாங்களா அண்ணி?"

"எழுதறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒருத்தர் விடாம."

"அப்பாடா" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், முகத்தில் தெரிந்தது. என் பையை வாங்கி நாற்காலியில் வைத்தாள். அப்புறம், "ஒரே நாள்லயா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.