மாறிப்போன மாலை

கல்லறைத் திருநாளன்று, செவிலிமேட்டில் என் பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு முழங்கால் வலி. எல்லையில் இறந்த அவர் தம்பிக்கு மாலை போட்டுப் படமெடுத்து வர, இராணுவக் கல்லறைக்கு நான் போனேன். பேய்ப் பயத்தில் பெயரைக்கூடப் படிக்காமல் மாலை போட்டுப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னாபா, இது என் தம்பி இல்லியே! அவன் பக்கத்துக் கல்லுபா!"

மாலையைக் கழற்றினால் இவர் கோபிப்பார், கழற்றாவிட்டால் அவர் கோபிப்பார். இரண்டு பட்டாளத்துக்காரர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன்.

"கழட்டி மாத்திடட்டுமாக்கா?"

"ஐயய்யோ, வேணாம்பா! அவரும் யாரோ பெத்த புள்ளதானே. ரெண்டு பேரையும் சேத்து எடு. என் தம்பி எதையும் தனியா வச்சுக்க மாட்டான்."

போன உயிர் திரும்பியது. இருவரையும் சேர்த்து எடுத்தேன். பிறகு, அவசரமே இல்லாமல், மற்றக் கற்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக நின்று படித்தேன்.