மதினி வாசித்த வருஷம்

ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷம் எங்கள் தெருவில் நாங்கள் ஏழெட்டுப் புத்தகம் வாசித்தோம். வாசித்தோம் என்று சொல்லுகிறேனே தவிர, முதலில் வாசித்தது என் மதினி ஒருத்திதான். அண்ணன் பெண்டாட்டி. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பத்தாவது வரை படித்தவள். நாங்கள் ஐந்து பேர் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். இலை வெட்டவும், தூள் வைத்துச் சுருட்டவும், நூல் கட்டவும் கையும் கண்ணும் வேண்டும். காதுக்கு ஒரு வேலையும் கிடையாது. "காது சும்மா கெடந்தா வாய் ஊர்வம்புக்குப் போயிரும்" என்பாள் எதிர்வீட்டு அக்கா. ஊர்வம்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளே சொல்லிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைப் பிடித்த கை பீடி சுற்றாது. அதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. பீடிக் கடைக்குக் கொண்டுபோகும் முன் ஆளுக்கு ஒரு கட்டு மதினி தட்டில் போட்டுவிடுவோம். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா போட்டாள், பிறகு எல்லோரும் போட்டோம்.

புத்தகம் எல்லாம் ஊர் நூலகத்திலிருந்து வந்ததுதான். வெள்ளம் அங்கேயும் புகுந்திருந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பாதிக்குச் செம்மண் கோடு போட்டிருக்கும். காய்ந்த பிறகும் ஆற்று வாடை போகவில்லை. நல்ல புத்தகத்தையெல்லாம் மற்ற ஆட்கள் கொண்டுபோய்விட, மதினி இந்தக் கோடு விழுந்த புத்தகங்களாகப் பார்த்து எடுத்து வருவாள். "இதுக யாரும் தூக்காத பிள்ளைக" என்பாள்.

அந்த வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வேற்று தேசத்து மருத்துவச்சி ஒருத்தியின் கதை. எங்கு பார்த்தாலும் பனி. அந்தப் பனியில் நாய் இழுக்கிற வண்டியில் பிரசவம் பார்க்கப் போவாள்.

"பனின்னா மார்கழிப் பனியா மதினி?"

"இல்லளா. ஐஸ் பெட்டிக்குள்ள வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும்லா, அது ஊரு பூரா கெடக்கும்."

"அப்ப அங்கன கோலம் எங்க போடுவாளுவ?" என்று எதிர்வீட்டு அக்கா நிஜமாகவே கவலைப்பட்டாள். கதையில் வருகிறவர்களின் பெயர் ஒன்றும் எங்கள் வாயில் நுழையாது. ஆகையால் அவர்களுக்கு மீசைக்காரன், நெட்டைக்காலி, புளிமூஞ்சி என்று பெயர் வைத்தோம், மதினியும் அப்படியே வாசித்தாள். கதையில் ஒரு இடம். வழியில் ஒரு குடிசையில் பிள்ளை பிறக்கிறது, சுற்றத் துணியில்லை. மருத்துவச்சி தன் கம்பளியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, மறு பாதியோடு அந்தக் குளிரில் திரும்பிப் போவாள். அதைக் கேட்டு நாங்கள் அழுத அழுகையில் அன்றைக்கு நூல் எல்லாம் சிக்கு விழுந்துவிட்டது.

அடுத்தாற்போல ஒரு கொலைக் கதை. அதில்தான் வம்பு வந்தது. கொன்றது யார் என்று தெரியாமல் எல்லோர் கையும் நின்றுபோயிற்று. வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் பீடி யார் சுற்றுவது?

"ஏட்டி, கொன்னவன் யாருன்னு மொதல்லயே சொல்லிரு. எங்களுக்குக் கை ஓடணும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. எந்தக் கதையானாலும் மதினி முதலில் முடிவைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போடுகிற கதையை எடுத்தபோது, கிணறு கடைசியில் தூர்ந்துபோகும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். தெரிந்த பிறகும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் புத்தி வந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டு இருந்தோம். முடிவு தெரிந்தால் கதை கெட்டுப்போகும் என்கிறார்கள். எங்களுக்கு ஒரு கதையும் கெடவில்லை.

ஆடி மாதம் மதினிக்குத் தொண்டை கட்டியது. ஆடிக் காற்று, புழுதி என்று நினைத்தோம். பிறகு, ஓயாமல் சத்தம் போட்டு வாசித்ததால் வந்தது என்று நாங்களே முடிவு கட்டினோம். ஒருத்தி பனங்கற்கண்டு கொண்டுவந்தாள், ஒருத்தி சித்தரத்தை இடித்துக் கொடுத்தாள். எதிர்வீட்டு அக்கா மதினியை ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்று உட்காரவைத்தாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாவ. ஒனக்கு அந்த வாய்தான் சொத்து. பத்திரமா வச்சுக்கோ" என்றாள். மதினியும் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மாதம் முடிந்து வாயைத் திறந்தபோது, முன்பு இருந்த சத்தமும் இல்லை. காற்றுதான் வந்தது.

அதனால் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கு நாலாவதோடு படிப்பு நின்றது. கடலைப் பொட்டலம், சுவரொட்டி, பஸ் பலகை என்று எழுத்துக்கூட்டி வந்தவள். தெரிந்த கதையென்றால் தடுமாறாது என்று மருத்துவச்சி கதையையே மறுபடியும் எடுத்தோம். கம்பளி கிழிக்கிற இடத்துக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த இடம் வந்தபோது பக்கம் திரும்பவில்லை. ஏழெட்டுத் தாள் வெள்ளத்தில் ஊறி, காய்ந்து, ஒரே பலகையாக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். தூளாக வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு யாரும் அதைப் பிரித்திருக்க முடியாது.

எல்லோரும் மதினியைப் பார்த்தோம். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அடி கள்ளி! அன்னைக்கு மூக்கச் சிந்திச் சிந்தி அழுதேனே, அது பூரா நீ கட்டுன கதையா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

மதினி முந்தானையை விலக்கி, காற்றுக் குரலில் சொன்னாள். "வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்திய. பக்கம் ஒட்டிக்கிட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

சிரித்து ஓய்ந்த பிறகு, "அந்த எடத்த இன்னொருக்க சொல்லேன்" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். மதினி சொல்லப் பார்த்தாள். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. நான் ஒட்டின பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தை வாசித்தேன்.

புரட்டாசியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தொண்டைக்குள் கட்டி என்றார்கள். மதுரைக்குப் போய், கட்டி கரையக் கரண்டு வைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தசராவுக்குக் குறத்தி வேஷம் போட்டு எங்கள் தெருவிலேயே வந்து காணிக்கை கேட்டாள். "குறி சொல்லுதேன் தாயி, ஒன் குரலு திரும்பி வருது" என்று மதினி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வேஷம் போட்டவள் வாக்கு பலிக்கும் என்பார்கள். நான் நம்பினேன்.

ஐப்பசியில் ஒரு நாள், மதுரையிலிருந்து வந்து இறங்கிய இடத்தில், அண்ணன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் டாக்டர் சொன்னதைச் சொன்னான். "அவகிட்ட மூச்சு விட்ராத" என்றான். மறுநாள் நானும் மதினியும் மட்டும் இருந்தோம். அவளால் தட்டில்லாமல் இருக்க முடியாது. இலையை மடக்கிக்கொண்டே கேட்டாள். பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"ஒங்க அண்ணன் ஒன்கிட்ட சொல்லியிருப்பாவ. என்ன முடிவு?"

"சரியாயிரும்னு சொன்னாவளாம் மதினி."

"ஏட்டி, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. சொல்லு. எனக்கும் கை ஓடணும்லா. பிள்ளைய ஒரு வழி பண்ணணும்."

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "தை தாண்டாதாம் மதினி" என்றேன்.

அவள் கையில் இருந்த பீடியைக் கட்டி முடித்தாள். நூலை அறுத்தாள். அடுத்த இலையை எடுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு ஒங்க அண்ணனுக்குத் தெரியவேண்டாம். அவுக கை நின்னுரும்" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது வீட்டில் தோணிக்காரக் குடும்பம் ஒன்றின் கதை இரண்டு பாகமாக இருந்தது. தலையணை மாதிரிப் புத்தகங்கள். முதல் பாகத்தில் பாதிகூட ஆகவில்லை. அந்த வாரம் மதினி தானே நூலகத்துக்கு வருகிறேன் என்றாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள். தோணிக்காரக் கதையை மேசையில் வைத்துவிட்டு, தட்டுத் தட்டாகத் தேடி ஒரு ஒல்லியான சிறுகதைப் புத்தகத்தை எடுத்தாள். நூலகர் அண்ணாச்சி வெளியூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். "என்னம்மா, பாதியில குடுக்கிய? புடிக்கலையா?" என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள். நான்தான், "தொண்டை சரியில்ல அண்ணாச்சி, சின்னதா இருந்தா போதும்னு சொல்லுதாவ" என்றேன்.

அந்தப் புத்தகத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டு கதையாக வாசித்தேன். ஒன்றில், சந்தைக்குப் போன பெண் ஒருத்தி தன் செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு, மிச்ச ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் சந்தை முழுக்கக் கையில் வைத்துக்கொண்டே திரிவாள். அது மதினிக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டாவது தடவையும் கேட்டாள். அவளுடைய பிள்ளைக்கு அவளே சடை பின்னி, பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்து, டீச்சரிடம் என் முகத்தைக் காட்டி, "இனி இவதான் வருவா" என்று சைகையில் சொன்னாள். இரவல் சட்டி, பாத்திரம் எல்லாம் உரிய வீட்டுக்குப் போயின. மார்கழி பாதியில், கடைசிக் கதை ஒன்று மிச்சம் இருக்கையில், தண்ணீரும் இறங்காமல் ஆனது. அந்தக் கதையை அவள் காதருகே இருந்து வாசித்தேன். எந்த வரிவரைக்கும் அவளுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது. முத்திரை குத்திவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். "நல்லவேளை வந்திய. புதுசு வந்திருக்கு, வெள்ளத்துல நனையாதது. நல்ல கெட்டி. ஒங்க மதினிக்குன்னு யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சிருக்கேன். தொண்டை இப்ப தேவலையா?" என்றார்.

"குடுங்க அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் எல்லோரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தை வாசித்தேன். புதுத் தாள், வழுவழுவென்று இருந்தது. எதிர்வீட்டு அக்கா, "போதும்ளா, மூடு" என்றாள். மாடத்தில் வைத்தேன். அண்ணன் வேலை விட்டு வந்தவன் அதைப் பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்டான்.

"மதினிக்குன்னு அண்ணாச்சி எடுத்து வச்சிருந்தாவ."

அண்ணனுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. புத்தகத்தை எடுத்தான். வேட்டி முனையால் அட்டையைத் துடைத்தான். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நாலு நாளு இருக்கட்டும்ளா. பைய திருப்பிக் குடுப்போம்" என்றான்.