மருந்து வாங்கப் போன கிட்டார்

என் கிட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை தெரியும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் கையில் எடுத்தால் நல்ல பாரம். கிட்டாரின் முகப்பில் ஒரு சின்னக் கைபிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அமுக்கினால் இந்தக் கட்டை அசையும், தந்திகள் தளரும், சுரம் குழைந்து இறங்கும். கையை விட்டதும் ஸ்பிரிங்குகள் கட்டையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆறு தந்தியும் ஆறு பக்கம் பார்க்கும். டிரெமோலோ என்று இதற்குப் பெயர். இதை அமுக்கிச் சுரத்தை அழவைக்கிறவன்தான் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெரிய கிட்டார்காரன். நானும் அப்படி ஒரு நினைப்பில் திரிந்தவன்.

நாங்கள் குடியிருந்தது கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடந்த மணல்திட்டியில். உப்புக்காற்றில் பழைய டிரெமோலோ துருவேறிப்போயிருந்தது. சுனாமிக்கு முதல் நாள், கிறிஸ்மஸ் என்கிற நத்தார் இரவுக் கச்சேரியில், கைபிடியை ஒரு தடவை அமுக்கிவிட்டேன். பிறகு அந்தக் கிட்டார் சுருதிக்கு வரவே இல்லை. சனம் கூ என்று கூவியது. எங்கள் குழுவில் டிரம்ஸ் அடித்த அண்ணன் நீளமாக ஓர் அடி அடித்து என் மானத்தைக் காப்பாற்றினார். சுவிஸிலிருந்து மச்சான் அனுப்பிய புது டிரெமோலோ ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஆனால் என்னுடையது மலிவுக் கிட்டார், உடம்பு மெல்லியது. புதுக் கட்டை நீளம் கூடி, பின்பக்கத்தால் துருத்திக்கொண்டு நின்றது. வருடப் பிறப்புக் கச்சேரிக்கு முன் அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டியாக வேண்டும். விடிந்தால் ஞாயிறு, எங்கள் பக்கம் எல்லாம் பூட்டு. ஏறாவூர் முஸ்லிம் ஊர், அங்கே வெள்ளிதான் பூட்டு, ஞாயிறு பட்டறை திறந்திருக்கும்.

காலையில் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றார். என் கிட்டாரை அவர் ஒருநாளும் கிட்டார் என்று சொன்னதில்லை. பலகை என்றுதான் சொல்வார். "இந்தப் பலகைக்கு ஆணி பூட்டத்தானா மனே உன்னப் பெத்த நான்?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றை மணலில் ஓங்கித் தட்டினார். இரண்டு வீடு தள்ளியிருந்த அந்த டிரம்ஸ் அண்ணனிடம் அவருடைய மோட்டார் சைக்கிளைக் கேட்டேன். கொட்டாவி விட்டபடி சாவியைத் தந்தார். "கெதியா வந்திரு தம்பி. பின்னேரம் அக்காவக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகணும்" என்றார். அக்கா என்றது அவருடைய மனைவியை. அக்கா அப்போது பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

பட்டறைக்கார நானா கட்டையை வாங்கிப் பார்த்து, "கொஞ்சம் இரிங்க தம்பி, வெட்டித் தாறன்" என்றார். வெட்டும் இயந்திரம் சுழலத் தொடங்கிய நேரத்தில்தான் தெருவில் சனம் ஓடியது. கடல் வந்துவிட்டது என்று கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று நானும் நானாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு கிட்டாரை அங்கேயே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

அம்மாவை வெள்ளம் வாவிக்கரை வரை இழுத்துப்போய்க் சதுப்பில் வளர்ந்த கண்ணாப் பற்றைக்குள் தள்ளியிருந்தது. கீறல் காயங்களோடு தப்பினார். அண்ணன் தப்பவில்லை. அக்காவைத் தூக்கி ஒரு மாடிப்படியில் ஏற்றிவிட்டுத் திரும்பியவரை அடுத்த அலை கொண்டுபோய்விட்டது. அந்தத் திட்டியில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பலர் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாவிப் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். அண்ணனின் சைக்கிள் என்னிடம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா எங்கள் மூலைக்கு வந்து நின்றார். சண்டை பிடிக்க வந்தவராகத் தெரியவில்லை. "தம்பி, அண்டைக்குக் காலையில சைக்கிளக் கொண்டு எங்க போனீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்திலிருந்த அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "எனக்குத்தான் மகள். நெஞ்சுநோ வந்திட்டு. மருந்து வாங்கப் போனவன்" என்றார். அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். வெகுநேரம் அழுதபின், "அப்ப அவர்ர சைக்கிள் ஒரு தாய்ட உசிரக் காக்கத்தான் போயிருக்கு, என்ன மாமி? அது புண்ணியம்தானே" என்றார். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அக்கா போனபின் நான் அம்மாவிடம் சீறினேன். அவர் திருப்பிக் கேட்டார்: "பலகைக்கு ஆணி பூட்டப் போனவன் எண்டு அந்தப் புள்ளைட மூஞ்சியப் பாத்து உன்னால சொல்ல ஏலுமா? சொல்லு பாப்பம்."

அன்று தொடங்கியது அம்மாவின் நோய். என் அம்மாவைப் போலத் திடகாத்திரமான மனுஷியை நான் கண்டதில்லை. அறுவடைக் காலத்தில் வயல் வட்டையிலிருந்து நெல்மூட்டையைத் தலையில் வைத்து வரம்பு வழியே நடந்து வருவார். அப்படிப்பட்டவர் நாலு எட்டு வைத்துவிட்டு மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. முகாமுக்கு வந்த டாக்டர்மாரை அக்காவே கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து, "இந்த மாமிக்குத்தான் நெஞ்சுநோ" என்று காட்டினார். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். "அந்தாளுக்கு என்ன தெரியும் மாமி, நீங்க கவனமா இரிங்க" என்று அக்கா தேற்றினார். பிறகு குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு ஒரே சின்னத் தெருவில், ஒரே ஒழுங்கையில் வீடுகள் கிடைத்தன. அங்கே கிணறுகள் உவர். ஒழுங்கை முடிவில் வைத்திருந்த தாங்கியில்தான் நல்ல தண்ணீர். மாமி பாரம் தூக்கக் கூடாது என்று அக்கா தினமும் இரண்டு குடம் எங்கள் வீட்டுக்குச் சுமந்தார். நான் எடுக்கப் போனால் விடமாட்டார். "அவர்ர புண்ணியத்த நான் கைவிடக் கூடாது தம்பி" என்பார். புருஷனைப் பறிகொடுத்தவள் சுமந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டுதான் நான் கடை வேலைக்குப் போனேன். வெட்கக்கேடு.

கிட்டார் ஏறாவூரில் இருந்தது. அதை எடுத்துவந்தால் மருந்துக் கதை நாறிவிடும். ஆகவே அதுவும் கடலோடு போனது என்று நான் சொல்லிவைத்திருந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் புதுக் கிட்டார் தருகிறோம் என்றது. வேண்டாம் என்றேன். அண்ணன் இல்லாமல் வாசிக்க மனம் வரவில்லையாக்கும் என்று ஊர் என்னை மெச்சியது. பிறகு வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, பனிச்சங்கேணிச் சனமெல்லாம் ஷெல்லடிக்குத் தப்பி எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து நிறைந்தது. கிடாரம் வைத்து அவர்களுக்குச் சோறாக்க அம்மாவுக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் அக்கா நின்றார். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் மூலையில் இருந்து அழுதார். "பொய்க்கு நோயாளியா, வருத்தக்காரியா இருக்கிறது மெய் வருத்தத்த விடப் பொல்லாது மனே" என்றார்.

யுத்தம் முடிந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. அவற்றில் ஒன்றில் மாலையில் வாசிக்க ஆள் கேட்டார்கள். ஆசை வெட்கம் அறியாது. நான் ஏறாவூருக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும், "அல்லாவே, நீங்க மௌத்து, கடலோட போயிட்டீங்க எண்டெல்லா நெனச்ச நான்" என்று கையைப் பிடித்தார். கட்டையை அன்றைக்கே வெட்டி, எண்ணெய் பூசி, கிட்டாரோடு சேர்த்துச் சாரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு பழைய டிரெமோலோவைக் கழற்றினேன். புதியதைப் பூட்டி, ஸ்பிரிங்குகளைக் கொளுவி, தந்தி கட்டிச் சுருதி சேர்த்தேன். கைபிடியை அமுக்கி விட்டேன். ஆறு தந்தியும் ஒரு நூல் பிசகாமல் பழைய இடத்துக்கு வந்து நின்றன. திரும்ப அமுக்கினேன், திரும்ப வந்தது. சந்தோஷத்தில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கதவு தட்டாமல் திறந்தது. எங்கள் வீட்டுக் கதவை அக்கா என்றைக்குத் தட்டியிருக்கிறார்? இடுப்பில் குடத்தோடு நின்று என் மடியைப் பார்த்தார். கிட்டாருக்கு நீலநிறம் அடித்தவர் அண்ணன்தான், தோணிக்கு அடித்து மிஞ்சிய பெயின்டில். அந்த நீலத்தை அக்கா மறந்திருக்க வழியில்லை.

"இது கடலோட போன கிட்டார்தானே?"

நான் கைபிடியிலிருந்து கையை எடுத்தேன்.

"எங்க இருந்த தம்பி?"

"ஏறாவூர்ல. பட்டறையில."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போய்ப் பாதிவழியில் நின்றுவிட்டது. அக்கா குடத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தண்ணீர் வரவில்லை. உச்சிவெயிலில், ஒழுங்கை முழுக்க ஆட்கள் வாசலில் இருந்த நேரம், அம்மா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாங்கியடிக்குப் போனார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி, இரண்டும் நிறைய. மூச்சு வாங்காமல் நிமிர்ந்து நடந்தார். "மாமி, மாமி, நெஞ்சுநோவெல்லா உங்களுக்கு!" என்று ஆட்கள் எழும்பினார்கள். அவர் அக்காவின் வாசலைப் பார்த்தே போனார். நானும் பின்னால் போனேன். அக்காவின் வாசலில் குடத்தை வைத்துவிட்டு, ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னார்: "மகள், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல கா. அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்ல. இவன் கிட்டாருக்குத்தான் போனவன். பொய் சொன்னது நான்."

அக்கா குடத்தைத் தொடவில்லை. "எனக்கிட்டச் சொல்லி என்ன மாமி? உள்ளுக்குப் படம் இரிக்கு. அவருக்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

அம்மா உள்ளே போனார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவருடைய முதுகு குலுங்குவது வெளியிலிருந்து தெரிந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, "நீங்க வரல்லையா தம்பி?" என்று கேட்டார். ஹோட்டலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு வாசிப்பே இருக்கவில்லை.

அம்மா காலமாகிவிட்டார். இந்த முறை மெய்யாகவே நெஞ்சுநோ. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியவர் அக்காதான். நான் இப்போதும் பாசிக்குடாவில் வாசிக்கிறேன், கிட்டார் சுருதி பிசகுவதே இல்லை. அக்காவின் வீட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்கு இன்னும் முகமில்லை.