எழுதாமல் விட்ட தொலைபேசி அழைப்பு

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் என்ற மேல்நாட்டு இசையை வாசிக்கிறவர்களையும் எழுத்தாளர்களையும் பற்றி எழுதுகிறவள் நான். எங்கள் தெருவில் ஜாஸ் என்று சொன்னால், அது என்ன புது டிசைன் சேலையா என்று கேட்பார்கள். முதலில் இரண்டு வாழ்க்கை வரலாறுகள் எழுதி முடித்திருந்தேன். ஒருவர் கடல் கடந்த தேசத்துப் பியானோ கலைஞர், இன்னொருவர் நாவலாசிரியர். இரண்டு பேரும் இறந்தவர்கள். அவர்கள் வீட்டார் யாரும் என் வாசலுக்கு வரப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதினேன்.

மூன்றாவது புத்தகம், சென்னை ஓட்டல்களில் டிரம்பெட் வாசித்தே ஆயுளைக் கழித்த ஒருவரைப் பற்றியது. அது வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"மேடம், எங்கப்பாவப் பத்தி எழுதியிருக்கீங்க. நூத்திப் பன்னண்டாம் பக்கத்தப் பத்திப் பேசணும். வியாழக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்ல, நேர்ல வரேன்."

"நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

"செய்யார்லதான் இருக்கேன். கம்பெனியில சூப்பர்வைசர்."

போன் கட்டாகிவிட்டது. டிரம்பெட்காரரின் மகன் வெளிநாட்டில் இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, தேடாமலேயே விட்டிருந்தேன். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. "மனைவி இறந்த அன்று மாலை அவர் மேடையில் இருந்தார். செய்தி அவரை எட்டவில்லை" என்று எழுதியிருந்தேன். அது பொய். அவரோடு வாசித்த டிரம்மர், தான் சாவதற்கு முன்பு என்னிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். இடைவேளையில் போன் வந்தது, டிரம்பெட்காரர் செய்தியைக் கேட்டார், வைத்தார், திரும்பப் போய் ஒரு மணி நேரம் வாசித்தார். அந்த ஒரு மணி நேரத்தின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. அவர் வாசித்ததிலேயே உச்சம் அதுதான் என்று ஆறு பக்கம் எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால் யாராலும் அதை நிம்மதியாகக் கேட்க முடியாது என்று போன் அழைப்பை விட்டுவிட்டேன்.

மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. ஒரு வரிக்காக எழுத்தாளர்களின் வீடு தேடிப்போய் மன்னிப்பு எழுதி வாங்கிய செய்திகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வெளியே பைக் நின்றாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் என் கணவர், "எதுக்கு இவ்ளோ பேஜார் ஆகறே? நான் கடைக்குப் போகாம வீட்லயே இருக்கேன்" என்றார். அதைக் கேட்டதும் பயம் கூடிப்போனது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டிய அளவுக்கு விஷயம் பெரிது என்று அவரே நினைக்கிறாரே.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"செய்தி எட்டலைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"டிரம்மர்" என்றேன். செத்துப்போனவர் மேல் பயத்தில் பழியைப் போட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "அவரா? அவர்தாங்க போனை எடுத்து அப்பா கையில குடுத்தாரு. போன் பண்ணது நான். எனக்குப் பதிமூணு வயசு. அம்மா போயிட்டாங்க, வாப்பான்னேன். அவர் ஒண்ணும் பேசல, வெச்சிட்டாரு. நாப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சதை, நடக்கவே இல்லைன்னு அச்சடிச்சிருக்கீங்க."

எழுந்து போய் டிரம்மர் சொன்னதைக் குறித்துவைத்திருந்த நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "அவர் உண்மையத்தாங்க சொன்னாரு. நான்தான் எழுதாம விட்டேன்" என்றேன். கணவர் உள்ளறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

வந்தவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டைத் தொடவில்லை.

"போனை வெச்சப்புறம் அப்பா என்ன பண்ணாருன்னு இதுல இருக்கா?"

படித்துக் காட்டினேன். போனை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார். தண்ணீர் கேட்டார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. டிரம்மர்தான் புகட்டினார். 'இப்ப அங்க போனா நான் செத்துடுவேன்' என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

"கை நடுங்குச்சா?" என்று கேட்டார். "நடுங்குச்சுன்னா சொன்னாரு?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு கலைஞரைக் கொச்சைப்படுத்தாதீர்கள் என்று பதிப்பாளர் தடுத்துப் பார்த்தார். அச்சுக்குப் போகும் முன் மகனையே வரவழைத்துப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடிக்கும் வரை என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு செய்யார் பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று நான் கேட்டபோதே அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது இன்னொரு எழுத்தாளரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய தங்கை தெள்ளார் பக்கம் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன். எந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.