கணினியில் தாழ்ந்துபோன மலை

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. காற்றில் ஓசோன் எவ்வளவு இருக்கும் என்று கணினி மாடல் வைத்துக் கணக்கிடுவது என் வேலை. கணக்கைச் சரிபார்க்க, கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற பகுதியில் பாப்பாயி அக்கா வீட்டுக் கூரையில் ஓர் அளவுக் கருவி வைத்திருந்தோம். வாரம் தவறாமல் அதன் வடிகட்டியை மாற்றியது அக்காதான்.

பொழுது சாய்ந்தால் ஓசோன் குறையும் என்றது மாடல். குறையவே இல்லை என்றது கருவி. நான் மாடலை நம்பினேன். "உங்க அடுப்புப் புகைதான் கருவியைக் கெடுக்குது" என்று போனில் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"தப்புத்தானுங்க சாமி, இனிமே பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகும் எண்கள் மாறவில்லை. பல மாதம் கழித்துத்தான் பிழை பிடிபட்டது. மாடல் நிலத்தைப் பெரிய சதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும்; அப்படி ஒரே கட்டத்துக்குள் மலையும் அடிவாரமும் சேர்ந்து சராசரியாகி, மலை பாதி உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. உயரமான இடத்தில் இரவிலும் ஓசோன் அவ்வளவாகக் குறையாது. கருவி சொன்னதே சரி.

மன்னிப்புக் கேட்க மலையேறினேன். அக்கா காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் கணவர் என்னை மரவள்ளிக் காட்டு ஓரத்துக்கு அழைத்துப்போனார். அங்கே மூன்று கல், மேலே ஒரு தகரம்.

"நீங்க பொகையப் பத்திச் சொன்னதுல இருந்து, மழையிலயும் இங்கதானுங்க சோறாக்குனா. இப்ப நானும் இங்கதான் ஆக்கறனுங்க. ஏனுங்க, இப்பவாச்சும் மிசினு சரியாக் காட்டுதுங்களா?"

"மொதல்ல இருந்தே சரியாத்தாங்க காட்டுச்சு" என்றேன்.

மாடலில் மலையின் உயரத்தை ஒரே நாளில் திருத்திவிட்டேன். தன் மேல்தான் தப்பு என்று நினைத்தபடியே அக்கா போய்விட்டதை எப்படித் திருத்துவேன்?